ஏஎம்4 ஆ, எல்ஜிஏ1700 ஆ? வன்னியில் வீட்டிலேயே கொம்பியூட்டர் பூட்டப் போகிறவர்களுக்கு

கடையில் விலை விசாரித்தால் எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்றுதான் கதை தொடங்கும். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்து பாகங்களை வாங்கிக்கொண்டு போய் வீட்டு மேசையில் வைத்துப் பூட்டப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல. பூட்டும்போது கை பிசகினால் அதை வீட்டிலேயே சரிக்கட்டலாமா, அல்லது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏற வேண்டுமா? கடைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இது சின்ன விசயம். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவுக்கு அங்கால் இருப்பவருக்கு ஒரு நாள் வேலை போய்விடும். இந்த ஒப்பீட்டை அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

மட்டான காசில், தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் புதிதாகப் பூட்ட நினைப்பவர்களுக்கு நான் எடுத்து வைக்கும் சோடிகள் இரண்டு. ஒன்று ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி புரொசஸரும் அதற்கேற்ற ஏ520 அல்லது பி550 மதர்போட்டும். சொக்கெட், அதாவது மதர்போட்டில் புரொசஸர் உட்காரும் இடம், ஏஎம்4. மற்றது இன்டெலின் கோர் ஐ3-12100 புரொசஸரும் எச்610 மதர்போட்டும். சொக்கெட் எல்ஜிஏ1700. இரண்டுக்கும் டிடிஆர்4 ரேம் போடலாம். எச்610 இல் மட்டும் டிடிஆர்4 வகை, டிடிஆர்5 வகை என்று இரண்டு உண்டு, பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். மூன்றாவதாக, கம்பனிகளில் பாவித்துக் கழித்த ஒபிஸ் கொம்பியூட்டர். அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதல்முறை பூட்டுகிறவர், கடைக்குத் தூரத்தில் இருக்கிறவர் என்றால் ஏஎம்4 எடுங்கள் என்பது என் முடிவு. காரணம் சொக்கெட்டில் இருக்கிறது.

ஏஎம்4 புரொசஸரின் அடியில் 1331 ஊசிகள் நேராக நிற்கும். மதர்போட்டில் இருப்பது வெறும் துளைகள். பக்கத்து நெம்பியை மேலே தூக்கி, புரொசஸர் மூலையிலுள்ள தங்கநிற முக்கோணத்தைச் சொக்கெட் மூலையிலுள்ள முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால் தன் பாரத்திலேயே உள்ளே இறங்கும். அழுத்தவே கூடாது. இறங்கவில்லையென்றால் திசை பிழை, அல்லது ஊசி வளைந்திருக்கிறது. இறங்கிய பிறகு நெம்பியைத் தாழ்த்திப் பூட்டினால் சரி.

எல்ஜிஏ1700 இல் இது தலைகீழ். புரொசஸரின் அடி மட்டமாக இருக்கும், ஊசிகள் 1700 உம் மதர்போட்டில் இருக்கும். அவை நேர் ஊசிகளும் இல்லை. ஒரே பக்கம் சாய்ந்த, மயிரிழை போன்ற நுண்ணிய வளைவுகள். புரொசஸரின் ஓரத்துப் பள்ளங்களைச் சொக்கெட்டின் மேடுகளோடு பொருத்தி மெதுவாக வைத்து, உலோகத் தகட்டைக் கவிழ்த்து, நெம்பியை அழுத்த வேண்டும். நெம்பி இறங்கும்போது கொஞ்சம் பயமூட்டுகிற அளவு பலம் கேட்கும், அது இயல்பு. மேலேயிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடி அந்த நேரம் தானாகக் கழன்று வரும். அதை எறிய வேண்டாம். உத்தரவாதத்துக்கு மதர்போட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் அந்த மூடியோடு கேட்பார்கள்.

இப்போது கை பிசகுகிறது என்று வையுங்கள். புரொசஸர் நழுவி ஏஎம்4 ஊசிகள் நான்கைந்து வளைந்தால் மெக்கானிக்கல் பென்சிலின் வெற்று முனையை ஊசியில் கோர்த்து மெல்ல நிமிர்த்தலாம். வரிசையாக வளைந்திருந்தால் பழைய ஏடிஎம் கார்ட்டை ஊசி வரிசைகளுக்கு இடையில் விட்டு நேராக்கலாம். ஒரே ஊசியை அங்கும் இங்குமாகப் பலமுறை வளைத்தால் முறிந்துவிடும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். வெளிச்சமான இடமும் பொறுமையும் போதும்.

எல்ஜிஏ1700 இல் புரொசஸர் நழுவி ஊசிகளின் மேல் விழுந்தாலோ, சட்டை நூல் ஒன்று கொளுவி இழுத்தாலோ, கதை வேறு. பூதக்கண்ணாடியும் ஊசிமுனை இடுக்கியும் பழகிய கையும் வேண்டும். அப்படிச் செய்தும் ரேமுக்கான இரண்டு பாதைகளில் (சனல்) ஒன்று வேலை செய்யாமல் போகலாம். வளைந்த ஊசியை உத்தரவாதம் பொதுவாக ஏற்காது, ஆகவே புது மதர்போட் வாங்கும் காசுதான் மிஞ்சும். புரொசஸரை விட மதர்போட் மலிவு, போனால் மலிவானதுதானே போகட்டும் என்று எல்ஜிஏக்காகச் சிலர் வாதாடுவார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டில் ஐந்து சதம் செலவில்லாமல் நிமிர்த்தக் கூடிய பிழைக்கும், காசும் பயணமும் கேட்கிற பிழைக்கும் உள்ள தூரத்தை அந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை.

ஏஎம்4 க்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. புரொசஸரைப் பிடித்து வைக்க மேலே உலோகத் தகடு இல்லை. புரொசஸருக்கும் அதன் சூட்டை எடுக்கும் கூலருக்கும் இடையில் பூசிய பேஸ்ட் இறுகிப் போன பிறகு கூலரை நேராக இழுத்தால், நெம்பி பூட்டியிருந்தாலும் புரொசஸர் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வரும். ஊசிகள் வளைவது பெரும்பாலும் அப்போதுதான். கழற்ற முன்னர் கொம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்திப் பிளக்கைக் கழற்றி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி இளக வைத்துப் பிறகு தூக்க வேண்டும். எல்ஜிஏயில் இந்தக் கரைச்சல் இல்லை.

எங்கள் பக்கம் இது அடிக்கடி வரும் வேலை என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். கச்சான் வீசும் மாதங்களில் கிரவல் றோட்டுப் புழுதி கூலரின் தகடுகளுக்குள் நிறைந்துவிடும். ஏ9 ஓரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. புழுதிக்காக மட்டும் என்றால் கூலரைக் கழற்றாமல், விசிறியை விரலால் சுழலாமல் பிடித்துக்கொண்டு தூரிகையாலும் காற்றாலும் துப்புரவாக்குங்கள். கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது பூச வேண்டும்.

கூலரைப் பூட்டும் முறையும் வேறு. 5600ஜி யோடு வரும் கூலர் நான்கு ஸ்பிரிங் ஸ்குருக்களால் மதர்போட்டின் அடியிலுள்ள பின்தகட்டில் இறுகும். மதர்போட்டில் ஏற்கனவே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கொளுவிகளை முதலில் கழற்ற வேண்டும். கழற்றியதும் பின்தகடு கீழே விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்குருக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஐ3-12100 இன் கூலரில் ஸ்குரு இல்லை. நான்கு பிளாஸ்டிக் ஆணிகளை எதிரெதிர் மூலையாக அழுத்தினால் டிக் என்று பூட்டும். கேட்க இலகு. ஆனால் ஒரு ஆணி பாதியில் நின்றால் கூலர் சரிந்து, புரொசஸர் சூடேறி, வேகம் குறைந்து, ஏனென்று தெரியாமல் தவிக்க வேண்டி வரும். மதர்போட்டைக் கேஸுக்குள் வைக்க முன்னர், அதன் பெட்டிமேல் வைத்தே கூலரைப் பூட்டி, நான்கு ஆணியும் மறுபக்கம் விரிந்து வந்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். எனக்கு ஸ்குருவில்தான் நம்பிக்கை.

பயோஸ் என்பது மதர்போட்டிலேயே இருந்து கொம்பியூட்டரைத் தொடக்கிவைக்கும் மென்பொருள். அந்த விசயத்தில் இன்டெல் சோடிக்கு ஒரு புள்ளி. எச்610 உம் ஐ3-12100 உம் 2022 ஜனவரியில் ஒன்றாக வெளிவந்தவை, வாங்கிப் பூட்டியதும் ஓடும். அதே எச்610 இல் 13 ஆம், 14 ஆம் தலைமுறைப் புரொசஸர் போட்டால்தான் பயோஸ் பழசா என்று பார்க்க வேண்டும். ஏ520, பி550 மதர்போட்டுகள் 2020 இல் வந்தவை, 5600ஜி அதற்கு அடுத்த வருடம் வந்தது. கடையில் பழைய பயோஸ் உள்ள இருப்பு ஒன்று அகப்பட்டால் விசிறி சுற்றும், திரை வராது. ஆகவே ஏஎம்4 வாங்குபவர் ஒரு வேலை செய்ய வேண்டும்: புரொசஸரைக் கடையிலேயே போட்டுத் திரை வருகிறதா என்று பார்த்துவிட்டு, அல்லது பயோஸை ஏற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும்.

ரேமில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 5600ஜி எடுப்பவர் 16 ஜிபியை ஒரே தகடாக வாங்க வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். அதன் கிராபிக்ஸ் பகுதிக்குத் தனி மெமரி இல்லை, ரேமிலிருந்துதான் எடுக்கும். இரண்டு சனலிலும் தகடு இருந்தால்தான் அது மூச்சு விட்டு வேலை செய்யும். மதர்போட்டில் நான்கு ரேம் துளை இருந்தால் புரொசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள்.

பைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, மதர்போட்டில் நேரே செருகும் எம்.2 என்விஎம்இ வகையாகவே இருக்கட்டும். வயரில் கொளுவும் சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு ஏறக்குறைய 550 எம்பியில் நின்றுவிடும், இந்த இரண்டு சோடியிலும் என்விஎம்இ 3000 எம்பியைத் தாண்டும். அதை விட எனக்குப் பெரிது, டேட்டா வயரும் கரண்ட் வயரும் வேண்டாம் என்பது. சரிவாகச் செருகி, படுக்க வைத்து, ஒரு சின்ன ஸ்குரு. அந்த ஸ்குரு மதர்போட் பெட்டிக்குள் தனிப் பையில் இருக்கும், பையை எறிந்துவிடாதீர்கள்.

வயர்களில் பயப்பட எதுவுமில்லை, இரண்டு சோடிக்கும் ஒரே ஒழுங்குதான். 24 பின் பெரிய வயர், மேல் மூலையில் புரொசஸருக்கான 8 பின் வயர். பின்னதைக் கிராபிக்ஸ் கார்ட்டுக்கான 8 பின் வயரோடு மாறாட்டம் செய்யாதீர்கள். புரொசஸர் வயர் 4 உம் 4 உமாகப் பிரியும், கார்ட் வயர் 6 உம் 2 உமாகப் பிரியும். முன்பக்க யூஎஸ்பி 2.0 வயரும் ஓடியோ வயரும் பார்வைக்கு ஒரேமாதிரி. யூஎஸ்பியில் ஊசி இல்லாத இடம் மூலையில் இருக்கும், ஓடியோவில் அது ஓர் இடம் உள்ளே தள்ளி இருக்கும். பவர் சுவிட்ச் வயரை எப்படித் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும், எல்ஈடி வயர்களுக்கு மட்டும் பிளஸ் பக்கம் பார்க்க வேண்டும். பின்பக்கப் போர்ட்டுகளைச் சுற்றி வரும் உலோகத் தகடு மதர்போட்டோடு ஒட்டி வராவிட்டால், முதலில் அதைக் கேஸில் பூட்டிவிட்டு மதர்போட்டை இறக்குங்கள்.

எந்தச் சோடி எடுத்தாலும் எர்த்தைப் பாருங்கள். பவர் சப்ளையோடு வரும் வயரில் பல தடவை இரண்டு உருண்டைக் கால் பிளக் இருக்கும். எங்கள் சுவரிலுள்ள சதுரக் கால் கரண்ட் சொக்கெட்டில் அதை ஒருமாதிரிச் செருகினாலும் எர்த் தொடாது. அப்போது கேஸின் உலோகம் ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். பவர் சப்ளையின் வடிகட்டிக் கொண்டென்சர்கள் வழியே வரும் சிறு கசிவு அது. தொட்டால் கை சுண்டும். அந்த நிலையில் எச்டிஎம்ஐ வயரைக் கழற்றிக் கொளுவினால் போர்ட் எரியவும் கூடும், மதர்போட்டில் ஒட்டிய போர்ட்டை மாற்றுவது இலகுவான வேலையில்லை. 13 அம்பியர் சதுரக் கால் வயர் ஒன்றை வாங்கிப் போடுங்கள், வீட்டு எர்த் கம்பி நிலத்தில் உண்மையாக இறங்கியிருக்கிறதா என்று எலெக்ட்ரீசியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். மாரி தொடங்க முன்னர் வரும் இடிமின்னல் நாட்களில் கரண்ட் பிளக்கோடு ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் கழற்றி விடுங்கள்.

இனிப் பாவித்த ஒபிஸ் கொம்பியூட்டர். கொமினிகேசன் கடைக்கு, கடிதம் தட்டச்சுக்கு, கணக்குக்கு என்றால் பூட்டும் வேலையே இல்லாமல் இது போதும். பார்க்க வேண்டியது இரண்டு. இன்டெல் என்றால் 8 ஆம் தலைமுறைக்குக் கீழ் எடுக்க வேண்டாம். விண்டோஸ் 11 அதற்குக் கீழுள்ள புரொசஸர்களை, ஒன்றிரண்டு தவிர, ஏற்பதில்லை, விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஓடு முடிந்துவிட்டது. அடுத்தது பவர் சப்ளை. இந்த இயந்திரங்கள் பலவற்றில் வழமையான 24 பின் வயர் இருக்காது, கம்பனிக்கே உரிய சிறிய வயர் இருக்கும். கரண்ட் ஏறி இறங்கி அது ஒருநாள் போய்விட்டால் கடையில் கிடைக்கும் சாதாரணப் பவர் சப்ளை பொருந்தாது. முன்பக்க சுவிட்ச் வயரும் அப்படியே, வேறு கேஸுக்கு மாற்றவும் வழியிருக்காது. யூபிஎஸ் இல்லாமல் இதை எடுக்க வேண்டாம்.

எல்ஜிஏ1700 ஐ நான் யாருக்குச் சொல்வேன்? அறிவியல்நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளை போல, வரைபட மென்பொருளுக்காகப் பின்னொரு காலம் கிராபிக்ஸ் கார்ட் போட நினைப்பவருக்கு. கார்ட்டையும் புரொசஸரையும் இணைக்கும் பிசிஐஈ பாதையில் 5600ஜி 3.0 ஓடு நின்றுவிடும், ஐ3-12100 எச்610 இல் கார்ட்டுக்கு 4.0 கொடுக்கும். அந்தப் பாதையில் நாலு தடம் மட்டும் பாவிக்கும் மலிவுக் கார்ட்டுகளில் அந்த வித்தியாசம் வடிவாகத் தெரியும். ஒற்றைக் கோர் வேகத்திலும் ஐ3 முன்னுக்கு நிற்கும், கார்ட் இல்லாமல் ஓடும் கிராபிக்ஸில் 5600ஜி முன்னுக்கு. கார்ட் பிறகுதான் வாங்குவதாக இருந்தால் 12100எஃப் எடுக்காதீர்கள், அதில் உள்ளே கிராபிக்ஸே இல்லை, மதர்போட்டின் எச்டிஎம்ஐயில் எதுவும் வராது. சொக்கெட்டில் புரொசஸர் வைக்கும் வேலையை மட்டும் வாங்கும் கடையிலேயே செய்வித்துக்கொண்டு வந்தால் ஊசிப் பயம் முடிந்தது, மிச்சத்தை வீட்டில் பூட்டலாம். கார்ட் வந்த நாளில் மொனிட்டர் வயரை மதர்போட்டிலிருந்து கழற்றிக் கார்ட்டின் போர்ட்டில் கொளுவ மறக்காதீர்கள்.