நெதர்லாந்தா, ஜெர்மனியா? இளம் கால்பந்து வீரர் முதலில் எங்கே போகலாம்

அமெரிக்க ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்கள வீரர்) ரிகார்டோ பெப்பியின் கதையே பாதி பதிலைச் சொல்லிவிடும். 2022 ஜனவரியில் டல்லாஸிலிருந்து ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் அணிக்குப் போனார். தரவரிசையில் கீழே தத்தளித்த அணி. ஒரு புள்ளிக்கே மல்லுக்கட்டு. புதுப்பையன் பழகட்டும் என்று காத்திருக்க யாருக்குப் பொறுமை? அங்கே லீக்கில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அடுத்த சீசன் கடனாக நெதர்லாந்தின் குரோனிங்கனுக்கு. அந்த அணி கீழ் டிவிஷனுக்கே இறங்கியது. பெப்பி மட்டும் 12 லீக் கோல் அடித்துவிட்டு, 2023-இல் நெதர்லாந்தின் பெரிய அணியான பிஎஸ்வி போய்ச் சேர்ந்தார்.

நெதர்லாந்தில் தடுப்பாட்டம் கொஞ்சம் தளர்வு, ஸ்ட்ரைக்கருக்குப் பந்து வந்துகொண்டே இருக்கும். அயாக்ஸ், பிஎஸ்வி போன்றவற்றின் இளையோர் அணிகள் இரண்டாம் டிவிஷனிலேயே ஆடுகின்றன. ஜெர்மனியில் பெரிய கிளப்புகளின் ரிசர்வ் (இரண்டாம் நிலை) அணிகள் மூன்றாம் டிவிஷனுக்கு மேல் ஏற முடியாது.

ஆனால் வேகம், உடல்பலம், பந்தைப் பறிகொடுத்ததும் பாய்ந்து பிடுங்குவது எல்லாவற்றிலும் ஜெர்மனிதான் ஒரு படி மேல். இங்கிலாந்து வீரர் பெல்லிங்ஹாம் 17 வயதில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணிக்குப் போய், மூன்றே சீசனில் ரியல் மாட்ரிட்டில் நின்றார். அவரோ இங்கிலாந்தின் பர்மிங்காம் அணியில் ஒரு முழு சீசன் சீனியர்களோடு மோதிவிட்டுப் போனவர். அந்த அனுபவம் இல்லாத ஸ்ட்ரைக்கர் என்றால், என் ஓட்டு நெதர்லாந்துக்கே.