மூன்று ஆண்டுகள், ஒரு மின்சக்கரம், நெடுக்கே அறுத்த குவளைகள்

மாடி அறையில் மண்பாண்டம் வனையும் அரைக் குதிரைத்திறன் மின்சக்கரம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வார இறுதி வகுப்பில் மண்ணை நடுவில் நிறுத்தப் பழகியதுமே அவசரப்பட்டு வாங்கியது. முதல் எட்டு மாதங்கள் கிண்ணமும் குவளையுமாகச் செய்து குவித்தேன். பார்க்க லட்சணம், தூக்கினால் குழவிக்கல்.

ஒருநாள் எரிச்சலில், ஒரு கிலோ மண்ணில் எழுப்பிய குவளையைச் சக்கரத்தின் மேலேயே கம்பியால் நெடுக்கே அறுத்தேன். வாயருகே நான்கு மில்லிமீட்டர், அடியில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். பாதி மண் கீழேயே உட்கார்ந்திருந்தது. அடுத்த ஒரு மாதம் எதையும் காயவைக்கவில்லை. எழுப்புவேன், அறுப்பேன், மறுபடி பிசைவேன். 12 சென்டிமீட்டரில் நின்றுகொண்டிருந்த உயரம் அதே ஒரு கிலோவில் 18 ஆனது.

சக்கரம் இல்லாமல் கையாலேயே கட்டும் கைவேலையைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைத்திருந்தேன். கயிறுபோல உருட்டிய மண்திரிகளை அடுக்கி முழங்கால் உயர ஜாடி ஒன்றைக் கட்டத் தொடங்கியபோதுதான் பதம் என்ற சொல்லின் பொருள் விளங்கியது. கீழ்வரிசை இறுகும் முன் மேலே ஏற்றினால் வயிறு சரிகிறது. காயவிட்டால் ஒட்டிய இடம் விரிகிறது. நகம் பதிய வேண்டும், விரல் அமுங்கக் கூடாது: அதுதான் கணக்கு. குவளைக்குப் பிடி ஒட்டும்போதும் இதேதான். இரண்டும் ஒரே பதத்தில் இருந்தால் பிடி விடுவதில்லை. நம் ஊர்ப் பானையே சக்கரத்தில் முடிவதில்லை. அடி திறந்தபடி எடுத்து, உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித்தான் மூடுகிறார்கள். சக்கரமும் கைவேலையும் தனித்தனிக் கலை என்பதெல்லாம் வகுப்புக் கட்டணம் வாங்கத்தான்.

சக்கரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதினான்காம் மாதம் மெல்லச் சுற்றும்போது திணறத் தொடங்கியது. விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. தெருமுனையில் மிக்ஸி பழுது பார்ப்பவர் கார்பன் பிரஷ்ஷை மாற்றிக் கொடுத்தார், இன்றுவரை ஓடுகிறது. இன்னொருவர் கேட்டால், ஒரு வருடம் கையால் கட்டிவிட்டு வாங்குங்கள் என்பேன்.

மூடிகள் இன்னும் மல்லுக்கு நிற்கின்றன. நான் வாங்கும், அதிக வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் மண் சுட்டு முடிக்கையில் ஏறக்குறைய 12 சதவீதம் சுருங்குகிறது. ஜாடியையும் மூடியையும் ஒரே நாளில் செய்து, மூடியபடியே காயவைக்கிறேன். பத்தில் நான்கு தேறுகின்றன. மீதி ஆறில் இப்போது கறிவேப்பிலைக் கன்று.