எந்த ஊர் என்று முடிவு செய்யாமல் கிளம்பிய மூன்று வருடங்கள்

கூட வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "மாசம் ரெண்டு தடவை வெளியூர் போறீங்களே, எப்படிக் கட்டுப்படியாகுது?" அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் செங்கோட்டைக்காரன். சனிக்கிழமை காலை ஒரு தோள்பையோடும் 1,500 ரூபாயோடும் கிளம்புவேன். கொல்லம் ரயிலில் இடம் இருந்தால் மேற்கே. இல்லையென்றால் ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகிற கேரளா பஸ். அதுவும் நெரிசல் என்றால் கிழக்கே மதுரை. உட்கார இடம் கிடைக்கிற ஊர்தான் அந்த வாரத்து ஊர்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் சாரல் அடித்தால் இங்கே ரூம் வாடகை ஏறிவிடும். அதே மழையால் மலைக்கு அந்தப் பக்கம் ஆள் வரத்து குறைந்து வாடகை இறங்கும். அப்போது கொல்லத்தில் 600 ரூபாய்க்கு நல்ல ரூமில் தங்கியிருக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் மேற்கே தலைவைக்க மாட்டேன். சபரிமலை சாமிமார் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது.

திட்டமில்லாமல் போனதால் கிடைத்தவை நிறைய. ஒருநாள் புனலூர் போகிற வழியில் பஸ் பழுதாகிக் கழுதுருட்டியில் நின்றுவிட்டது. அங்கே இருக்கும் பதின்மூன்று கண் ரயில் பாலத்தின் கீழே உட்கார்ந்துகொண்டேன். 1904-இல் மீட்டர்கேஜ் என்கிற குறுகிய தண்டவாளத்தில் ரயில் ஓடத் தொடங்கிய பாதை. 2010-இல் நிறுத்தி, அகலப்படுத்தி, 2018-இல் முழுதாகத் திறந்தார்கள். எத்தனையோ முறை அந்தப் பாலத்தின் மேலே போயிருக்கிறேன். கீழேயிருந்து, அந்தக் கல் வளைவுகளுக்கு மேல் ரயில் போவதை அன்றுதான் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. இன்னொரு முறை ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு அரசுப் படகில் போனேன். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் படகுவீட்டில் போகிறவர்கள் பார்க்கும் அதே காயல், பஸ் டிக்கெட் அளவு காசுக்கு.

ஆனால் திரும்பி வருவது இருக்கிறதே, மூன்று வருடமாக என்னை வதைப்பது அதுதான். போகும்போது எந்த ஊரானாலும் சரி. வரும்போது ஒரே ஊர், ஒரே நேரம். திங்கள் காலை வேலைக்கு நிற்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் அதே அவசரத்தில் இருக்கிறார்கள். ரயில் முன்பதிவு முன்பு 120 நாள் முன்பே திறக்கும். 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்பு. அப்போதே பதிந்தவர்கள் உட்கார்ந்து வருவார்கள், பொதுப் பெட்டியில் நான் கதவோரம் தொங்குவேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை மிச்சம்பிடித்த காசையெல்லாம் ஞாயிறு ராத்திரி என் கால்தான் கட்டியது.

என் காலோடு போனால் பரவாயில்லை. போன ஞாயிறு அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். புனலூரில் ஏறினோம், இடமில்லை. மலைப்பாதை வளைவு ஒவ்வொன்றிலும் கம்பியைப் பிடித்தபடி ஆரியங்காவு வரை நின்றே வந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துவிட்டபோதுதான் பார்த்தேன், முழங்கால் வீங்கியிருந்தது.

கட்டுப்படியாகுமா என்றால், தாராளமாக ஆகும். நீங்களும் இப்படிப் போகலாமா என்று கேட்டால், இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். பத்மநாபசுவாமி கோயில் பார்க்க வேண்டும் என்று அம்மா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் திருவனந்தபுரத்துக்கு, போகவும் வரவும் சேர்த்தே டிக்கெட் போட்டுவிட்டேன்.