குழந்தைகள் நர்ஸ் படிப்பு: டர்பனிலா, இங்கிலாந்திலா?

பள்ளியின் கடைசித் தேர்வான மெட்ரிக் எழுதப்போகும் என் தங்கை மகள் சென்ற மாதம், தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். "பெரியம்மா, நான் குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸ் ஆகவேண்டும். இங்கிலாந்தில் முதல் நாளிலிருந்தே அதைப் படிக்கலாமாம். இங்கே ஏன் அப்படி இல்லை?" என்று கேட்டாள். குழந்தைகள் வார்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த எனக்கு அந்தக் கேள்வி மகிழ்ச்சி தந்தது. அன்று இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவளைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று அந்தப் பேச்சை இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் சிறப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டு நர்சிங் பதிவேட்டில் பெரியவர், குழந்தை, மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கு துறைகள் உண்டு. பள்ளி முடித்த பிள்ளை நேராகக் குழந்தைகள் துறையில் சேரலாம். படிப்பு 3 ஆண்டு. மொத்தம் 4,600 மணி நேரப் பயிற்சியில் பாதி வகுப்பில், பாதி நோயாளிகளோடு. லண்டன் கிங்ஸ் கல்லூரி போன்ற இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. குழந்தை என்பது அளவில் சுருங்கிய வயதுவந்தவர் அல்ல என்பதை அவர்கள் முதல் பருவத்திலேயே மனத்தில் ஏற்றிவிடுகிறார்கள். இது சாதாரண விஷயம் அல்ல. இரண்டு மாதம் நிரம்பாத சிசு நிமிடத்துக்கு 50 முறை மூச்சு விட்டால் கவலையில்லை, 60 தொட்டால் கவலைப்பட வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு 40 என்பதே அதிகம். மருந்தின் அளவை உடல் எடையைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். நீர் வற்றிய குழந்தையின் இரத்த அழுத்தம் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுச் சட்டென்று விழும். அது விழுந்த பிறகு கண்டுபிடிப்பது காலம் கடந்து கண்டுபிடிப்பதுதான். மூன்று ஆண்டும் இதையே பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தனிக் கூர்மை உண்டு. பெற்றோர் வார்டில் குழந்தையோடு இருக்க வேண்டும் என்பதை 1959ஆம் ஆண்டிலேயே பிளாட் அறிக்கை வலியுறுத்திய நாடு அது. அந்த மரபை நான் மதிக்கிறேன்.

நம் நாட்டில் வழி வேறு. குழந்தைகள் துறை இங்கே மேற்படிப்பு. முதலில் 4 ஆண்டு நர்சிங் பட்டம். டர்பனில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹாவர்ட் கல்லூரி வளாகத்திலும், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். முடித்தவர் நர்ஸாகவும் மருத்துவச்சியாகவும் பதிவு பெறுகிறார். அடுத்து ஓராண்டு கட்டாயச் சமூகச் சேவை. பிறகு வார்டில் அனுபவம். அதன் பின்னரே ஓராண்டு முதுநிலை டிப்ளமாவில் குழந்தைகள் செவிலியம். கேப் டவுன் பல்கலைக்கழகம் அதை 1956இல் திறக்கப்பட்ட ரெட் கிராஸ் குழந்தைகள் மருத்துவமனையோடு இணைந்து நடத்துகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தில் நர்சிங் இளநிலைப் பட்டம் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆக, ஏழு எட்டு ஆண்டுகள் ஆகும். "அவ்வளவா?" என்று அவள் முகம் வாடிவிட்டது.

ஆனாலும் இந்த நீண்ட வழியையே நான் அவளுக்குச் சொன்னேன். எங்கள் வார்டுக்கு வரும் பிள்ளை தனியாக வருவதில்லை. காசநோய் உள்ள மாமாவோ, எச்.ஐ.வி. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்ட தாயோ, பால் சுரக்காமல் தவிக்கும் பதினேழு வயதுப் பெண்ணோ பின்னால் இருப்பார்கள். பிரசவ அறையில் நின்றவளுக்குத்தான் பிறந்த முதல் ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும். பெரியவர் வார்டில் வேலை செய்தவளுக்குத் தாயின் இருமலும் காதில் விழும். குழந்தையின் எடையையும் தடுப்பூசியையும் குறித்துவைக்கும் 'ரோடு டு ஹெல்த்' புத்தகத்தில் எடைக்கோடு கீழே சாய்வதைக் கண்டதும், வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றும்.

ஒரு சம்பவம் இன்னும் என்னை உறுத்துகிறது. நான் வேலைக்கு வந்த புதிதில், ஒரு மருத்துவமனையில், வயிற்றுப்போக்கு கண்ட பேரனை ஒரு பாட்டி தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தலையாட்டினார். மூன்றாம் நாள் குழந்தை இன்னும் மோசமாகித் திரும்பி வந்தது. உப்பையும் சர்க்கரையையும் மாற்றிப் போட்டிருந்தார். குழந்தை பிழைத்தது. தவறு பாட்டியுடையது அல்ல, என்னுடையது. அவருடைய சூலு மொழியில் உப்புக்கு உசாவோட்டி என்று சொல்லக்கூட அன்று எனக்குத் தெரியாது. கரண்டியைக் கையில் கொடுத்துக் கலந்து காட்டச் சொல்லியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் புதிய இளநிலை மாணவர்களுக்கு சூலு மொழிப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. அதைச் சுமை என்று முணுமுணுக்கும் பிள்ளைகளிடம் அந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். டர்பன் பிள்ளைகளைப் பார்க்கப்போகிறவளுக்கு லண்டன் வகுப்பறை இதைக் கற்றுத்தராது.

பணம் என்று வந்தால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு மாணவருக்கு இங்கிலாந்தில் படிப்புக் கட்டணமே பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்குப் 15,000 பவுண்டைத் தாண்டும். உள்ளூர் மாணவருக்கு அந்த நாட்டு அரசு தரும் நர்சிங் உதவித்தொகை நம் பிள்ளைக்குக் கிடைக்காது. இங்கே குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் தேசிய மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டை அடகு வைத்து அனுப்புகிறேன் என்று என் தங்கை சொன்னபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

குழந்தைகள் துறை மட்டும் படித்துவிட்டு அங்கிருந்து திரும்புகிறவர், பொதுச் செவிலியமும் மகப்பேறும் கேட்கும் நம் நர்சிங் கவுன்சிலின் மதிப்பீட்டைத் தாண்ட வேண்டும். அது எளிதல்ல. அதே சமயம், இங்கே சமூகச் சேவை முடித்தும் அரசு வேலைக்காகக் காத்திருக்கும் நர்ஸ்கள் இருக்கிறார்கள். இதை நான் அவளிடம் மறைக்கவில்லை. வாழ்வதே இங்கிலாந்தில்தான், படிக்கப் பணமும் இருக்கிறது என்பவர்களுக்கு அந்த 3 ஆண்டுப் படிப்புதான் சரி. வேறு யோசனையே வேண்டாம்.

இங்கே நர்சிங் கல்லூரியின் 3 ஆண்டு டிப்ளமா என்று ஒரு வழியும் உண்டு. மதிப்பெண் குறைந்தவர்களுக்கு அது நல்ல கதவு. ஆனால் அதன் பிறகு உயர் டிப்ளமா ஒன்று முடித்தால்தான் குழந்தைகள் துறையின் முதுநிலைக்குப் போக முடியும் என்பதால் மிச்சப்படும் ஓராண்டு அங்கே போய்விடும்.

அவள், எங்கள் மாகாணப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான சேர்க்கை விண்ணப்பமான சி.ஏ.ஓ. படிவத்தில் ஹாவர்ட் கல்லூரியை முதல் விருப்பமாக எழுதியிருக்கிறாள், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை இரண்டாவதாக. கணிதத்திலும் உயிர் அறிவியலிலும் மதிப்பெண் இன்னும் ஏற வேண்டும். இந்த வாரத் தடுப்பூசி நாளில் கிளினிக்குக்கு என்னோடு வருகிறாள்.