பாகாயம் ரிஹேப்: வேலூர் சி.எம்.சி. மறுவாழ்வு மருத்துவத் துறையில் நாங்கள் பெற்றது

தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட என் தம்பியுடன், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறையில் பல வாரங்கள் தங்கியிருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அவனுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது வேறொரு மருத்துவமனையில். அறுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போன ஒருவனை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீரை எப்படி வெளியேற்றுவது என்று அங்கே ஒருவரும் எங்களுக்குச் சொல்லித்தராமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வாரத்தில் அவன் பின்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண் வந்திருந்தது. அவனுக்கு வலிக்கவில்லை, துணியில் கறை பட்டதைப் பார்த்த அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார்.

சி.எம்.சி. என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது ஊருக்கு நடுவே உள்ள பெரிய மருத்துவமனைதான். உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் அங்கே இல்லை. கல்லூரி வளாகம் இருக்கும் பாகாயத்தில் இருக்கிறது. மேரி வர்கீஸ் மறுவாழ்வு நிலையம் என்பது முழுப்பெயர் என்றாலும், ஆட்டோக்காரரிடம் ‘ரிஹேப்’ என்றாலே போதும். நோயாளியுடன் வீட்டிலிருந்து ஒருவர் தங்க வேண்டும். அவரும் அங்கே மாணவர்தான். இந்தத் துறையின் சேவையில் நான் முதன்மையாக மதிப்பது இதைத்தான்.

எடுத்துக்காட்டாக, சிறுநீர் விஷயத்தைச் சொல்கிறேன். தம்பிக்கு அதுவரை குழாயும் பையும் நிரந்தரமாகப் பொருத்தியிருந்தார்கள். அடிக்கடி காய்ச்சல் வரும். ரிஹேப்பில் அதை எடுத்துவிட்டு, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் எனும் மெல்லிய குழாயைத் தானே செருகி, சிறுநீரை முழுவதும் வடித்துவிட்டு, உடனே வெளியே எடுத்துவிடும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுவது, குழாயின் நுனி எங்கும் படாமல் பிடிப்பது, வடிந்த அளவைக் குறித்துக்கொள்வது என்று ஒவ்வொன்றையும் சிஸ்டர் பக்கத்தில் நின்று செய்யவைத்தார். முதல் நாள் அவன் கை நடுங்கியது. ஒரு வாரத்துக்குள் நோட்டில் அளவு எழுதுவதுவரை எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொண்டான். வீட்டில் கிருமிநீக்கம் செய்வதெல்லாம் நடக்கிற காரியமா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதற்கான பதில் 1972-இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிறுநீரக அறுவை மருத்துவர் ஜாக் லாப்பிடஸ், குழாய் முற்றிலும் கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதில்லை, சுத்தமாக இருந்தால் போதும் என்றார். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பி உப்பும்போது அதன் சுவருக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைவதே தொற்றுக்கு வழிவிடுகிறது, ஆகவே நேரம் தவறாமல் காலி செய்வதுதான் முக்கியம் என்று விளக்கினார். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய ஆராய்ச்சி வேறில்லை என்று மனப்பூர்வமாகச் சொல்வேன்.

புண் வராமல் காப்பதும் அப்படித்தான். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டும் வழக்கத்தை, இரண்டாம் உலகப் போரில் காயமடைந்தவர்களுக்காக 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார். தம்பிக்கு அதோடு இன்னும் இரண்டு பழக்கங்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். வீல்சேரில் உட்கார்ந்திருக்கும்போது அவ்வப்போது இரு கைகளையும் ஊன்றி உடலைத் தூக்கிப் பிடிப்பது ஒன்று. காலையிலும் இரவிலும் சிறு கண்ணாடியைப் பிடித்துத் தன் குதிகாலையும் பின்புறத்தையும் பார்த்துக்கொள்வது மற்றொன்று. சிவப்பு தட்டியிருந்தால், அது மறையும்வரை அந்த இடத்தில் எடை விழக் கூடாது.

இந்தத் துறையின் பிறப்பே ஒரு நோயாளியின் கதைதான். சி.எம்.சி.யில் மருத்துவம் பயின்ற மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்திவந்த பால் பிராண்ட் அங்கே பணியாற்றிய காலம் அது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேரி அந்தக் கை அறுவைகளைச் செய்யத் தொடங்கினார். பிறகு நியூயார்க் சென்று ஹோவர்ட் ரஸ்க் என்ற மருத்துவரின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் இத்துறையை நடத்தினார். பாகாயத்து நிலையம் 1966-இல் தொடங்கியது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வீல்சேரில் வரும் மருத்துவரைப் பார்த்த முதல் தலைமுறை நோயாளிகளுக்கு எத்தனை தெம்பு வந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

புதிய ஆராய்ச்சிகளிலும் வேலூரின் பங்கு உண்டு. சி.எம்.சி.யின் உயிர்ப்பொறியியல் துறையும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் சேர்ந்து உருவாக்கிய ‘ப்ளூட்டோ’ என்ற சிறிய ரோபோ, பக்கவாதத்தால் கை செயலிழந்தவர்களுக்கானது. ஒரே மோட்டார், அதில் கைப்பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, மணிக்கட்டை மடக்குவது, முன்கையைத் திருப்புவது, விரல்களைத் திறந்து மூடுவது என்று வெவ்வேறு அசைவுகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம். நோயாளி திரையில் ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டே கையை அசைப்பார். எவ்வளவு முடிகிறதோ அதற்கேற்ப இயந்திரம் துணை செய்யும். ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை திரும்பச் செய்தால்தான் மூளை அதை மறுபடி கற்கும் என்பதால், சலிப்பைப் போக்கும் இப்படிப்பட்ட கருவிக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இது பத்து நாளில் முடியும் சிகிச்சை அன்று. கூடத் தங்குபவரின் கூலியும் அத்தனை வாரங்களுக்குப் போய்விடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். சமூகப் பணியாளரிடம் வீட்டு வருமானத்தை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ‘நடக்க வைத்துவிடுவார்களா’ என்ற ஒரே கேள்வியோடு போனால் மனம் உடைந்துபோகும். காயத்தின் இடத்தையும் அளவையும் பொறுத்துத்தான் அது அமையும். தம்பி காலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கருவி) மாட்டி இரண்டு கம்பிகளுக்கு நடுவே சில அடிகள் வைப்பான், ஆனால் அவன் வெளியே போவது வீல்சேரில்தான். வீட்டுக்கு வருமுன் வாசல்படி உயரம், கழிவறைக் கதவின் அகலம் ஆகியவற்றை அளந்து வரச் சொன்னார்கள். கதவு 24 அங்குலமாக இருந்தது, வீல்சேர் நுழையவில்லை. கொத்தனாரை வைத்து இடித்து 32 அங்குலமாக்கிய பிறகுதான் அவனை அழைத்து வந்தோம்.

ஆண்டுதோறும் நடக்கும் ‘ரிஹேப் மேளா’வுக்குப் பழைய நோயாளிகளை அழைக்கிறார்கள். உடலைப் பரிசோதிப்பார்கள், வீல்சேரில் விளையாட்டுகளும் உண்டு. இந்த முறை தம்பி தன் நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறான். மெத்தை தட்டையாகிவிட்டதால், புதியதாக எதை வாங்கலாம் என்று அங்கே கேட்க வேண்டியிருக்கிறது.