மழைக்காலச் சுவருக்கு ஃப்ளை ஆஷ் கல்

பாளையங்கோட்டையில் அம்மாவுக்காக வீட்டின் பின்புறம் ஓர் அறை கூட்டிக் கட்டினோம். ஐப்பசியில் தொடங்கி மார்கழியில் முடிந்த வேலை. கொத்தனார் சூளைச் செங்கலைத்தான் கேட்டார். ஆனால் அடைமழையில் சூளையில் வைக்கும் முன் பச்சைக்கல் வெயிலில் காய வழியில்லை. இருப்பில் உள்ளதற்குத்தான் விலை ஏறும். ஒரு கடைக்காரர் காட்டிய கல்லை நகத்தால் கீறினேன், சிவப்புத் தூள் உதிர்ந்தது. "மழைக்காலத்துக் கல் அப்படித்தான் அண்ணாச்சி" என்றார். நல்ல நியாயம்!

கடைசியில் நிலக்கரிச் சாம்பலில் செய்யும் ஃப்ளை ஆஷ் கல்லே வாங்கினோம். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் அருகிலேயே இருப்பதால் நம் பக்கம் எளிதில் கிடைக்கிறது. இரண்டு கற்களை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும்; இவை அப்படியே ஒலித்தன. எல்லாம் ஒரே அளவு என்பதால் வரிசை நூல் பிடித்தாற்போல் நின்றது, பூச்சு மிச்சம். செங்கல்லைப் போல ஊற வைக்க வேண்டாம், தண்ணீர் தெளித்தால் போதும். குறை, இறக்கும்போது ஓரம் உடைகிறது. முகம் வழவழப்பு, அதனால் இணைப்புகளைச் சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும். பழைய செங்கல் சுவரோடு சேரும் இடத்தில் கம்பி வலை அடித்துப் பூசச் சொன்னேன். கொத்தனார் முணுமுணுத்தார், அடித்தார்.

ஏஏசி கல், அதாவது உள்ளே காற்றுக் குமிழ்கள் உள்ள கான்கிரீட் கல், எடை குறைவு, மாடிக்கு யோசிக்கலாம். ஆனால் நீரை உறிஞ்சும். மழையில் மூடாமல் அடுக்கி வைக்க முடியாது. எதை வாங்கினாலும் தார்ப்பாய்க்குக் கணக்குப் பார்க்காதீர்கள்; புதிதாகக் கட்டிய வரிசையின் சாந்தை இரவு மழை கரைத்துவிடும்.