அம்மாவின் நெஞ்சில் நீர் சேர்ந்தபோது நாங்கள் போன கிளினிக்

நுரையீரல் புற்றுநோயால் அம்மாவின் நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத் திணறியதால், சிங்கப்பூரில் ஓர் அரசு மருத்துவமனையின் நுரையீரல் கிளினிக்குக்குப் போனோம். நல்ல சேவை, அதிலும் டாக்டர் பேசிய விதம். நீரை எடுத்துவிட்டு அடுத்த தேதி கொடுத்து அனுப்பாமல் இப்படி நீர் சேர்ந்த புற்றுநோயாளிகள் எவ்வளவு நாள் இருக்கலாம் என்று கணிக்கும் லென்ட் ஸ்கோர் போட்டுக் காட்டினார்: நீரில் எல்டிஹெச் என்ற நொதியின் அளவு, நோயாளி எவ்வளவு நடமாடுகிறார், ரத்தத்தில் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரண்டு வகை வெள்ளையணுக்களின் விகிதம், எந்த வகைப் புற்றுநோய், நான்கையும் கூட்டி 0 முதல் 7 வரை மதிப்பெண். 2014இல் வெளியான இந்த ஸ்கோர் பற்றிய ஆய்வில் 0-1 வந்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைவிட அதிக நாள் இருந்தார்கள்) 319 நாள், 5-7 வந்தவர்களுக்கு 44 நாள்.

கேட்கவே கஷ்டம்தான். ஆனால் நாள் குறைவு என்றால் நீர் மறுபடி சேராமல் இருக்க நெஞ்சுக்குள் டால்க் பொடி போட வார்டில் படுக்கவைப்பதைவிட ஊசியால் நீரை எடுத்து வீட்டுக்கு அனுப்புவதே மேல் என்று யோசிக்க முடிகிறது இல்லையா?

அம்மாவின் புற்றுநோய் செல்களில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது, ஆசியர்களிடம் இது அதிகம். அதற்கான மாத்திரை வேலை செய்தால் ஸ்கோர் சொல்வதைவிட நீண்ட நாள் இருக்கலாம், ஸ்கோரில் மரபணுவுக்கு இடமே இல்லை, எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டோம் என்று டாக்டரே சொன்னார். இதற்காகவே ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

அப்புறம் வீட்டிலேயே நீர் வடிக்கும் குழாய் வைத்தார்கள். தாதி தங்கைக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். காத்திருப்புதான் ரொம்ப நேரம், மூச்சு வாங்குபவர்களை முதலில் கூப்பிடலாம். வடிக்கும் பாட்டில் செலவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.